ஏஜென்ட் படிக்கும் நான்கு வரிகள்: வாசகர் கேள்வி – பதில்

செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகளுக்குக் கருவிகள் எழுதித் தருவது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஏஜென்ட் என்பது பயனர் எழுதுவதைப் படித்து, தேவையான கருவிகளை அழைத்து வேலையை முடிக்கும் மென்பொருள். அதற்குள் இருந்து படிப்பதும் எழுதுவதும் மொழி மாதிரி, சுருக்கமாக ‘மாதிரி’. கருவி என்பது அதற்காக நாம் எழுதித் தரும் சிறு நிரல். அந்த நிரலோடு சேர்த்து எழுதும் சில வரி விளக்கக் குறிப்பைத்தான் தலைப்பில் நான்கு வரிகள் என்கிறேன். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: கருவி தன்னளவில் ஒழுங்காக இயங்குகிறது, ஆனால் ஏஜென்ட் அதைத் தேவையில்லாத நேரத்தில் அழைக்கிறது, அல்லது தவறான விவரங்களைக் கொடுத்து அழைக்கிறது. அந்தக் கடிதங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விலை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் சில்லறைப் பூக்கடைக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஏஜென்ட் அமைத்தேன். எங்கள் விலைப் பதிவேட்டைப் படிக்கும் கருவிக்கு ‘பூவின் விலையைத் தரும்’ என்று விளக்கம் எழுதியிருக்கிறேன். சில நாட்களில் அது முந்தைய நாள் விலையை இன்றைய விலை என்று சொல்லிவிடுகிறது. ஒருமுறை முழம் என்ன விலை என்று கேட்டவருக்குக் கிலோ விலையையே முழத்தின் விலையாகச் சொன்னது. வேறு மொழி மாதிரிக்கு மாற வேண்டுமா? — வாசகர், மதுரை

பதில்: மாதிரியை மாற்றுவதற்கு முன்னால் அந்த மூன்று சொற்களை மாற்றிப் பாருங்கள். உங்கள் ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாதிரியால் நீங்கள் எழுதிய நிரலைப் பார்க்க முடியாது. பதிவேட்டில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன, காலையில் எப்போது விலை ஏறுகிறது, அந்த விலை கிலோவுக்கா கூடைக்கா என்பதெல்லாம் உங்களுக்கும் உங்கள் தந்தைக்கும் தெரிந்தவை, அதற்குத் தெரியாதவை. ஒவ்வொரு உரையாடலின்போதும் அதன் கைக்குப் போய்ச் சேர்வது கருவியின் பெயர், அதன் விளக்கக் குறிப்பு, அது கேட்கும் உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய மூன்றுதான். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்குக் கருவி அழைக்கும் வசதியைத் தந்தபோதும் இந்த மூன்றுதான் இருந்தன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும், ஏஜென்ட்டுகளோடு கருவிகளை இணைப்பதற்கான பொது நெறிமுறையிலும் கருவியை மாதிரிக்கு அறிமுகம் செய்பவை இவையே.

மாதிரி எந்தக் கருவியையும் தானே இயக்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘இந்தக் கருவியை, இந்த விவரங்களோடு அழைக்கவும்’ என்று அது எழுதித் தருகிறது. உங்கள் நிரல் அதை இயக்கி விடையைத் திருப்பி அனுப்புகிறது. அந்த விடையும் மாதிரிக்கு வெறும் எழுத்தாகவே போய்ச் சேர்கிறது. ‘850’ என்று மட்டும் போனால், அது எந்தப் பூவுக்கு, எந்த நாளுக்கு, எந்த அளவுக்கு என்பதை மாதிரி கேள்வியிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டவர் முழம் என்றார். ஆகவே 850 ரூபாய் முழத்துக்கு என்று ஆகிவிட்டது. கையில் இருந்த தகவலைக் கொண்டு மாதிரி செய்த ஊகம் அது, குறிப்பு தடுத்திருக்க வேண்டிய ஊகம்.

உங்கள் குறிப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மதுரை மாட்டுத்தாவணி சந்தையில் எங்கள் கடையில் பதிவான மொத்த விற்பனை விலையைத் தருகிறது. விலை 1 கிலோ உதிரிப் பூவுக்கு, ரூபாயில். ஒவ்வொரு நாளின் விலையும் அன்று காலையில்தான் பதிவாகும். கேட்ட நாளுக்குப் பதிவு இல்லையென்றால் “பதிவு இல்லை” என்று வரும், முந்தைய நாள் விலை வராது. கட்டிய பூ, மாலை, முழம் ஆகியவற்றின் விலைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். கிலோ விலையிலிருந்து முழ விலையைக் கணக்கிடவும் வேண்டாம். கடையில் உதிரிப் பூ மட்டுமே விற்கிறோம் என்று சொல்லவும். வரப்போகும் நாட்களின் விலையை இக்கருவி சொல்லாது.’

இதில் முதல் இரண்டு வாக்கியங்கள் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றன. பலரும் அவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் உங்கள் இரண்டு பிழைகளையும் தடுப்பவை அதன் பின்னால் வரும் வாக்கியங்கள். விலை கிடைக்காதபோது என்ன வரும், எந்தக் கேள்விக்கு இக்கருவி உதவாது, அந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதுகிறவர் தன் அனுபவத்திலிருந்துதான் எழுத முடியும். உங்கள் வீட்டில் அந்த அனுபவம் இருக்கிறது. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலையில் ‘நாளைக்கு மல்லி என்ன விலை போகும்’ என்று எத்தனை பேர் கேட்பார்கள் என்பது உங்கள் தந்தைக்குத் தெரியும். கடைசி வாக்கியம் அவர்களுக்காக.

எழுதிய குறிப்புக்கு உங்கள் நிரலும் கட்டுப்பட வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் நிரல் பதிவேட்டின் கடைசி வரியை எடுத்துத் தருகிறது என்று நினைக்கிறேன். காலையில் விலை ஏறுவதற்கு முன் கேட்டால் அந்தக் கடைசி வரி நேற்றையதாகத்தான் இருக்கும். அதைத் திருத்தாமல் குறிப்பை மட்டும் திருத்தினால், குறிப்பு பொய் சொல்லும். விடையை அனுப்பும்போதும் வெறும் எண்ணாக அனுப்பாமல் பூவின் பெயர், தேதி, ‘1 கிலோவுக்கு’ என்ற அளவு ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள்.

இன்னொன்று, பெயர்கள். பதிவேட்டில் ‘மல்லிகை’ என்று இருக்கும். கேட்பவர் மல்லி என்பார், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு வெளியூர்க்காரர் சிலர் மதுரை மல்லி என்றே கேட்பார்கள். நாம் பிச்சி என்பதை வடக்கே ஜாதிமல்லி என்பார்கள். செவ்வந்தியைச் சாமந்தி என்பார்கள். எந்தப் பெயர் பதிவேட்டில் எந்தப் பெயராக இருக்கிறது என்பதைப் பூவின் பெயருக்கான உள்ளீட்டுக் குறிப்பில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரித் திட்டப்பணியில் பேருந்துத் தகவல் சொல்லும் ஏஜென்ட் ஒன்றைச் செய்கிறோம். அதில் ‘பேருந்து தேடு’, ‘பேருந்து விவரம்’, ‘வழித்தடத் தகவல்’ என்று மூன்று கருவிகள் உள்ளன. ஏஜென்ட் சில வேளைகளில் மூன்றையும் வரிசையாக அழைக்கிறது, சில வேளைகளில் தவறானதை அழைக்கிறது. ஒவ்வொன்றின் விளக்கத்தையும் விரிவாகவே எழுதியிருக்கிறோம். — மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: நீங்கள் இணைத்திருந்த மூன்று குறிப்புகளையும் படித்தேன். ஒவ்வொன்றும் தனியாகப் படிக்கும்போது தெளிவாகவே இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்கே எதை எடுப்பது என்று புரியவில்லை. மாதிரி மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் படிக்கிறது.

உங்கள் பொருளிலேயே இதற்கு விடை இருக்கிறது. மதுரைக்குப் புதிதாக வரும் ஒருவர் தேனிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணியில் ‘வெளியூர்ப் பேருந்து நிலையம்’ என்று ஒரு பலகை, ஆரப்பாளையத்திலும் ‘வெளியூர்ப் பேருந்து நிலையம்’ என்று ஒரு பலகை இருந்தால், இரண்டும் உண்மைதான், ஆனால் அவருக்கு இரண்டாலும் பயனில்லை. மாட்டுத்தாவணியில் நிற்கும் பலகை ‘சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரம் வண்டிகள் இங்கே, தேனி, திண்டுக்கல், கோவை வண்டிகளுக்கு ஆரப்பாளையம் செல்லவும்’ என்று சொன்னால்தான் அவர் வழி தவறாமல் போவார். ஒரு கருவியின் குறிப்பும் தன் எல்லையைச் சொல்லி, எல்லைக்கு அப்பால் இருக்கும் கருவியின் பெயரையும் சொல்ல வேண்டும். ‘இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளின் புறப்படும் நேரங்களைத் தருகிறது. ஒரு பேருந்து வழியில் எங்கெல்லாம் நிற்கும் என்று அறிய வழித்தடத் தகவல் கருவியைப் பயன்படுத்தவும்’ என்று எழுதும்போது, இரண்டு கருவிகளுக்கும் இடையில் ஒரு கோடு விழுகிறது.

அந்தக் கோட்டை எழுத்தில் போட முடியாத இடம் வந்தால், அது குறிப்பின் குறை அன்று, பிரிவினையின் குறை. உங்கள் ‘பேருந்து தேடு’, ‘பேருந்து விவரம்’ ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை: முதலாவது புறப்படும் நேரத்தையும் கட்டணத்தையும் தருகிறது, இரண்டாவது அவற்றோடு வண்டியின் வகையை மட்டும் கூடுதலாகத் தருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஒவ்வொரு தரவுத்தள அட்டவணைக்கும் ஒரு கருவி என்று நிரலாளர்கள் பிரிப்பது வழக்கம். பயணியின் கேள்வி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதை ஒட்டிப் பிரிப்பதே ஏஜென்ட்டுக்கு ஏற்றது.

பெயரிலும் வேறுபாடு தெரிய வேண்டும். ‘விவரம்’, ‘தகவல்’ என்ற சொற்கள் எதற்கும் பொருந்துபவை, ஆகையால் எதையும் சுட்டாதவை. ‘புறப்படும் நேரம் தேடு’, ‘நிறுத்தங்களைக் காட்டு’ என்று செயலும் பொருளும் சேர்ந்த பெயர்களை வையுங்கள்.

கேள்வி: தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். நகைக்கு உத்தேச விலை சொல்லும் கருவிக்கு ‘எடை’ என்று ஓர் உள்ளீடு இருக்கிறது. வாடிக்கையாளர் ‘2 பவுன் சங்கிலி’ என்றால், சில நேரம் சரியாக 16 கிராமுக்குக் கணக்கு வருகிறது, சில நேரம் 2 கிராமுக்கு வருகிறது. உள்ளீட்டின் பெயரே எடை என்று இருக்கும்போது வேறென்ன எழுத வேண்டும்? — வாசகர், மதுரை

பதில்: எடை என்பது எதை அளக்கிறோம் என்பதைச் சொல்கிறது, எதனால் அளக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. உங்கள் கடையில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் ரசீதில் கிராம், பேச்சில் பவுன் என்பது எல்லோருக்கும் பழகிப்போனது. மாதிரியோ எண்ணை மட்டும் நிரப்பச் சொல்லும் ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிறது.

எளிய வழி, உள்ளீட்டின் பெயரையே ‘எடை_கிராம்’ என்று மாற்றி, ‘கிராமில் மட்டும், 1 பவுன் என்பது 8 கிராம்’ என்று குறிப்பு எழுதுவது. அதைவிட நல்ல வழி, பெருக்கலை மாதிரியிடம் விடாமல், ‘எடை’ என்று ஒன்றும் ‘அளவு’ என்று ஒன்றுமாக இரண்டு உள்ளீடுகள் வைத்து, அளவுக்குக் கிராம், பவுன் என்ற இரண்டே தெரிவுகளைக் கொடுத்து, இரண்டையும் கட்டாயம் ஆக்குவது. உள்ளீடுகளை விவரிக்கும் ஜேசான் ஸ்கீமாவில் இப்படித் தெரிவுகளை வரையறுத்துவிட இடம் உண்டு. வாடிக்கையாளர் ‘2’ என்று மட்டும் சொன்னால் மாதிரி ஊகிக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்: ‘வாடிக்கையாளர் அளவைச் சொல்லவில்லை என்றால், கருவியை அழைக்கும் முன் கிராமா பவுனா என்று கேட்கவும்.’ தங்கத்தின் தரத்துக்கும் இதுவே முறை. 22 காரட் என்பார் ஒருவர், 916 என்பார் இன்னொருவர். இரண்டும் ஒன்றே என்று ஒரு வரி இருந்தால் போதும்.

தேதியில் நானே பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவரின் திருமண மண்டபத்துக்கு, காலியான நாட்களைச் சொல்லும் கருவியை எழுதிக் கொடுத்தேன். உள்ளீட்டின் குறிப்பு ‘தேதி’ என்ற ஒற்றைச் சொல். 05-06 என்று எழுதிக் கேட்ட பெண் வீட்டார் ஜூன் 5-ஐ நினைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் மே 6-ஐப் பார்த்து மண்டபம் காலி என்று சொல்லிவிட்டது. அவர்கள் அதை நம்பிப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குடும்பத்தின் பதற்றத்தைப் பார்த்த பிறகு, இந்த நான்கு வரிகளை எழுதும் வேலையை நான் ஒருபோதும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைப்பதில்லை. இப்போது அந்தக் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், எடுத்துக்காட்டு 2025-06-05. வாடிக்கையாளர் 05-06 என்று எழுதினால் முதலில் வருவது நாள், அடுத்தது மாதம். தமிழ் மாதத் தேதி சொன்னால் நீயாக மாற்றாமல், பஞ்சாங்கத் தேதிக் கருவியை அழைத்து ஆங்கிலத் தேதியைப் பெறவும்.’ ஆவணி 10 என்றோ வைகாசி வளர்பிறை முகூர்த்தம் என்றோ கேட்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம் என்பதால் அந்தக் கடைசி வரி அவசியமாயிற்று.

எண் போலத் தோன்றினாலும் எண் அல்லாதவற்றையும் கவனியுங்கள். தொலைபேசி எண், ரசீது எண், நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றை எழுத்துச் சரமாகவே, அதாவது கணக்கிடாத வெறும் எழுத்துத் தொடராகவே கேளுங்கள்; 0-வில் தொடங்கும் ரசீது எண்ணை எண்ணாகக் கேட்டால் அந்த 0 காணாமல் போகும், 123/4ஏ போன்ற உட்பிரிவு எண் எண்ணுக்குள் அடங்கவே அடங்காது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என் மகன் எழுதும் கருவிக் குறிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் பேசும் மக்களுக்காகச் செய்யப்படும் ஏஜென்ட்டின் குறிப்பைத் தமிழிலேயே எழுதினால் என்ன? — வாசகர், மேலூர்

பதில்: ஐயா, எழுதலாம். தமிழில் எழுதிய குறிப்புகளை இன்றைய பெரிய மாதிரிகள் படித்துப் புரிந்துகொள்கின்றன; இந்தப் பக்கத்தில் நான் தந்திருப்பவற்றைத் தமிழிலேயே பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

முதலாவது, கருவியின் பெயர். ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் போன்ற நிறுவனங்களின் சேவைகளில் கருவியின் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு, இணைப்புக்கோடு ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்த முடியும். எனவே பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுதியாக வேண்டும். வாசிப்புக்காக இங்கே தமிழில் தந்திருக்கிறேன்.

இரண்டாவது, நீளம். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு), தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘மல்லி’ என்ற சொல்லில் மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுவதால் 5 குறிகள், 15 பைட் ஆகின்றன. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. அந்த நறுக்கும் முறைகளில் பலவும் ஆங்கிலத்தை மையமாகக் கொண்டு உருவானவை என்பதால், ஒரே செய்தி தமிழில் கூடுதல் டோக்கன்களாக ஆகிறது. குறிப்புகள் ஒவ்வொரு அழைப்பின்போதும் மாதிரிக்குப் போவதால், கருவிகள் மிகுந்த ஏஜென்ட்டில் அந்தச் செலவு கூடும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் கருத்து இது. குறிப்பை எழுதுபவர் எந்த மொழியில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுவாரோ அந்த மொழியில் எழுதட்டும். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்பைவிடத் தெளிவான தமிழ்க் குறிப்பு மேலானது. அதற்காகச் சில டோக்கன்களைச் செலவிடலாம். எந்த மொழியில் எழுதினாலும், மக்கள் வாயில் வரும் தமிழ்ச் சொற்களைத் தமிழாகவே குறிப்புக்குள் வைக்க வேண்டும் என்பதை மட்டும் உங்கள் மகனிடம் வலியுறுத்துங்கள். முழம், பவுன், சென்ட், பட்டா, முன்பணம் போன்ற சொற்களை அவர் ஆங்கிலமாக்கி எழுதும்போது, அந்தச் சொல்லோடு வரும் வாடிக்கையாளரின் கேள்விக்கும் கருவிக்கும் இடையே இருந்த நேர்த் தொடர்பு அறுபட்டுப்போகிறது.

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்று நூலுக்குரிய குற்றங்களை நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்து வைத்திருப்பதை நீங்கள் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். மகனின் குறிப்புகளை வாங்கி அந்தக் கண்ணோடு ஒருமுறை திருத்திக் கொடுங்கள். நிரல் தெரியாது என்பது இந்த வேலைக்கு ஒரு தடையே அன்று. மாதிரிக்கும் அந்த நிரல் தெரியாது, ஆகவே நீங்கள் தடுக்கி நிற்கும் இடத்தில் அதுவும் தடுக்கும்.

கேள்வி: ஒரு குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்? — வாசகி, சோழவந்தான்

பதில்: பெரும்பாலான கருவிகளுக்கு மூன்று முதல் ஐந்து வாக்கியங்கள் போதும். எளிய கருவிக்கு இரண்டே போதும். பத்துக்கு மேல் போனால், ஒரே கருவிக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிரல் எந்தத் தரவுத்தளத்தில் எழுதப்பட்டது, யார் எழுதியது, எந்தப் பதிப்பு என்பவற்றை நீக்கிவிடலாம். மாதிரியின் முடிவு எதையும் அவை மாற்றுவதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பராமரிக்கும் ஏஜென்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ‘கூட்ட அறிவிப்பு எப்படி இருக்கும் என்று காட்டு’ என்று கேட்டதற்கு, அது குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை அழைத்து எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட்டது. நடக்காத கூட்டத்துக்கு மறுநாள் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தக் கருவியின் குறிப்பில் ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று எழுதித்தான் இருந்தோம். — வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ‘கவனமாக’ என்பது மனிதருக்கே பல பொருள் தரும் சொல். எதைச் செய்யும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதாதவரை அந்தச் சொல்லால் எதுவும் நடக்காது. ‘இக்கருவி உண்மையான குறுஞ்செய்திகளை உறுப்பினர்களின் கைபேசிக்கு உடனே அனுப்புகிறது, அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. அறிவிப்பின் வாசகத்தை முன்கூட்டிக் காட்ட இதைப் பயன்படுத்த வேண்டாம், உரையாடலிலேயே எழுதிக் காட்டவும். செயலாளர் இறுதி வாசகத்தைப் படித்து “அனுப்பு” என்று சொன்ன பிறகே அழைக்கவும்’ என்று எழுதுங்கள்.

ஆனால் இதை எழுதியதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பு என்பது வழிகாட்டி, பூட்டு அன்று. மாதிரி அதைப் பெரும்பாலும் பின்பற்றும்; எப்போதும் பின்பற்றும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. திரும்பப் பெற முடியாத செயல்களுக்குப் பூட்டை நிரலில் போடுங்கள்: செயலாளரின் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினாலொழிய செய்தி வெளியே போகாதபடி அமையுங்கள், சோதனைக் காலத்தில் உங்கள் சொந்த எண்ணைத் தவிர வேறு எண் பட்டியலில் இல்லாதபடி பாருங்கள். வாசகத்தைத் தயாரிக்கும் கருவியையும் அனுப்பும் கருவியையும் தனித்தனியாகப் பிரிப்பதும் பெரிதும் உதவும்.

எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவி படிக்க மட்டுமே செய்யுமா, எதையாவது அழிக்குமா என்று குறிக்கும் அடையாளங்கள் உண்டு. அவையும் கருவியை எழுதியவர் தாமாகச் சொல்லிக்கொள்ளும் சான்றுகளே. வெளியாரிடமிருந்து கருவிகளை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: குறிப்பை மாதிரி கட்டளைபோலவே படிப்பதால், கெட்ட எண்ணம் உள்ளவர் குறிப்புக்குள்ளேயே ‘பயனரின் கோப்பையும் சேர்த்து அனுப்பு’ என்பது போன்ற வரியை ஒளித்துவைக்க முடியும். இணைக்கும் முன் ஒவ்வொரு குறிப்பையும் நீங்களே முழுவதும் படித்துவிடுங்கள்.

கேள்வி: கருவி தோல்வியடையும்போது ‘பிழை 400’ என்று வருகிறது. ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கிறது. — வாசகர், வாடிப்பட்டி

பதில்: பிழைச் செய்தியும் மாதிரி படிக்கும் குறிப்புதான், வந்து சேரும் நேரம் மட்டும் வேறு. எது தவறு, அடுத்து என்ன செய்யலாம் என்ற இரண்டையும் அதில் எழுதுங்கள். ‘புதூர் என்ற பெயரில் 3 ஊர்கள் உள்ளன, வட்டத்தின் பெயரையும் கேட்டு மீண்டும் அழைக்கவும்’ என்று வந்தால் ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் கேட்கும். ‘சேவை இப்போது இல்லை, மீண்டும் அழைக்க வேண்டாம், பிறகு முயலுமாறு சொல்லவும்’ என்று வந்தால் நிறுத்திக்கொள்ளும். ‘400’ என்று வந்தால் அதற்கு எந்த வழியும் தெரியாது.

கேள்வி: எழுதிய குறிப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? நானே படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. — வாசகி, ஒத்தக்கடை

பதில்: எழுதியவருக்கு எப்போதும் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் விடுபட்டதை உங்கள் நினைவு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே படித்துப் பார்ப்பதை விட்டு, கேட்டுப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் அனுப்பிய செய்திகளிலிருந்து ஒரு 30 கேள்விகளை, எழுத்துப்பிழையும் பேச்சுவழக்கும் மாறாமல் எடுத்து எழுதுங்கள். ‘மல்லி என்னா வெல’ என்று வந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கருவி, எந்த உள்ளீடுகளோடு அழைக்கப்பட வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் அழைக்கப்படக் கூடாத கேள்விகள் சிலவும் அதில் இருக்க வேண்டும். பூ விலை ஏஜென்ட்டிடம் மல்லிகைச் செடியைக் கவாத்து செய்வது எப்போது என்று கேட்பவரும் இருப்பார்.

பிறகு ஒவ்வொரு கேள்வியையும் மூன்று நான்கு முறை ஓடவிடுங்கள். ஒரே கேள்விக்கு மாதிரி எப்போதும் ஒரே விடை தருவதில்லை என்பதால் ஒருமுறை சரியாக வந்தது போதாது. ஏஜென்ட் கடைசியில் சொன்ன விடையை மட்டும் பார்க்காமல், நடுவில் எந்தக் கருவியை எந்த உள்ளீட்டோடு அழைத்தது என்ற பதிவைப் பாருங்கள். தவறான அழைப்பிலிருந்தும் தற்செயலாகச் சரியான விடை வந்துவிடுவது உண்டு. தவறிய இடத்தில் குறிப்பில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மீண்டும் முழுப் பட்டியலையும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று வாக்கியங்களை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

30 கேள்விகளில் 10-ஐத் தனியாக எடுத்துவைத்து, திருத்தும் நாட்களில் அவற்றைத் தொடவே வேண்டாம். எல்லாம் முடிந்தது என்று தோன்றும் நாளில் எடுத்து ஓட்டுங்கள். பார்த்துப் பார்த்துத் திருத்திய 20 கேள்விகளுக்கு மட்டும் பொருந்தும் குறிப்பை எழுதியிருக்கிறீர்களா, பொதுவாகவே தெளிவான குறிப்பை எழுதியிருக்கிறீர்களா என்பது அந்த 10-இல் தெரிந்துவிடும். மாதிரியின் புதிய பதிப்புக்கு மாறும்போதும் புதிதாக ஒரு கருவியைச் சேர்க்கும்போதும் பட்டியல் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும். புதிய கருவியின் குறிப்பு பழைய கருவிக்கு வர வேண்டிய கேள்விகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; அப்போது திருத்த வேண்டியது பழைய கருவியின் குறிப்பில் இருக்கும் எல்லைக்கோட்டை.